கல்லக்குடி பழைய சுண்ணாம்புக்கல் குழி: மூடுவதா, தண்ணீர் தேக்குவதா, அப்படியே விடுவதா?

#1 கல்லக்குடிக்காரன்

இங்கே இத்தனை நாள் வாசிப்பதோடு சரி. இப்போது ஒரு விஷயம் மனதை அரித்துக்கொண்டே இருப்பதால் இழை தொடங்குகிறேன்.

என் அப்பா கல்லக்குடி சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எங்கள் ஊரில் யாரும் சுரங்கம் என்று சொல்ல மாட்டோம், மைன்ஸ்தான். சின்ன வயதில் எங்கள் வீட்டுக்குக் கடிகாரமே ஆலைச் சங்குதான். வெடி வைக்கும் நேரம் நெருங்கினால் அம்மா அலமாரித் தட்டில் இருக்கும் எவர்சில்வர் டம்ளர்களைக் கொஞ்சம் உள்ளே தள்ளி வைப்பார். தூரத்தில் ‘தும்’ என்று கேட்கும், டம்ளர்கள் ஒன்றோடொன்று உரசும். அவ்வளவுதான், அவர் மறுபடி அரிசி களைய ஆரம்பித்துவிடுவார்.

போன மாதம் ஊருக்குப் போனபோது அப்பா பழைய குழியைப் பார்க்க வேண்டும் என்றார். கல் எடுத்து முடித்து வருஷக் கணக்கான பகுதி அது. கரையில் நின்று எட்டிப் பார்த்தோம். அடியில் மழைத்தண்ணீர் பச்சையாக நிற்கிறது. படிப்படியாக வெட்டிய சுவர்களில் சீமைக் கருவேலம் முளைத்திருக்கிறது. ஒரு சாம்பல் நாரை ஒற்றைக்காலில் நின்றது. அப்பா ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், ‘அந்த மூணாவது படியில்தான்டா எனக்கு முதல் நாள் வேலை’ என்றார்.

வரும் வழியில் டீக்கடையில் பேச்சு எழுந்தது. இந்த மாதிரிக் குழிகளை மண் போட்டு மூடி நிலமாக்க வேண்டும் என்றார் ஒருவர். ஏரியாக்கினால் மீன் வளர்க்கலாம் என்றார் இன்னொருவர். எனக்கு இரண்டுமே நெருடியது, ஆனால் ஏன் என்று சொல்லத் தெரியவில்லை. இந்தக் குழியின் கதையை முழுசாகத் தெரிந்துகொண்டால்தான் ஒரு கருத்துக்கு வர முடியும் என்று தோன்றுகிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 ரயிலடி

தம்பி, உங்கள் ஊரின் பெயர்க் கதையில் இருந்து தொடங்குகிறேன், எனக்கு அதுதான் தெரியும்.

டால்மியா சிமென்ட் ஆலை அங்கே 1939இல் உற்பத்தியைத் தொடங்கியது. அன்றைய கணக்கில் நாளொன்றுக்கு 250 டன். இன்று ஒரு சூளையே அதைப்போல் பல மடங்கு தள்ளும், ஆனால் அந்தக் காலத்துக்கு அது பெரிய ஆலை. விழுப்புரத்தில் இருந்து திருச்சிக்கு அரியலூர் வழியாக வரும் கார்டு லைன் அதற்குச் சில வருடம் முன்புதான் வந்திருந்தது. கல்லும் பக்கத்தில், ரயிலும் பக்கத்தில். ஆலை அங்கே அமைந்ததில் ஆச்சரியம் இல்லை. ஆலை வந்ததும் ரயில் நிலையத்தின் பெயர் டால்மியாபுரம் ஆனது.

1953 ஜூலை 15 அன்று திமுகவின் மும்முனைப் போராட்டத்தில் ஒரு முனை இங்கேதான். பெயரைக் கல்லக்குடி என்று மாற்றக் கோரி நிலையப் பலகையில் புதுப்பெயர் ஒட்டினார்கள், தண்டவாளத்தில் படுத்தார்கள். தலைமை தாங்கியவர் மு. கருணாநிதி. கண்ணதாசனும் கலந்துகொண்டு சிறை போனார். அன்றைய துப்பாக்கிச் சூட்டில் உயிர்களும் போயின. திமுக ஆட்சிக்கு வந்த பிறகு நிலையத்தின் பெயர் ‘கல்லக்குடி பழங்காநத்தம்’ ஆயிற்று. இப்போதும் அந்தப் பாதையில் போகும் யாரும் அந்த நீளமான பலகையைப் பார்க்கலாம்.

நான் சொல்ல வருவது இதுதான். அந்தக் குழி இல்லையென்றால் ஆலை இல்லை, ஆலை இல்லையென்றால் அந்தப் பெயர் மாற்றமும் இல்லை, போராட்டமும் இல்லை. தமிழக அரசியலில் ஒரு திருப்பத்துக்கு அடியில் கிடப்பது உங்கள் சுண்ணாம்புக்கல். அங்கே ஒரு கல்வெட்டாவது வேண்டும். மூடிவிட்டு மேலே புல் வளர்த்தால் நாளைக்கு வரும் பிள்ளைக்கு எதைக் காட்டுவது?

#3 பாறைப்பித்தன்

கல்லூரியில் நிலவியல் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவன் நான். மாணவர்களைக் கூட்டிக்கொண்டு கல்லக்குடிக்கு எத்தனை முறை வந்திருப்பேன் என்று கணக்கே இல்லை. கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ரயிலடி 1939இல் தொடங்கினார். நான் ஏறக்குறைய 11 கோடி ஆண்டு பின்னால் போகிறேன். அப்போது இந்தியா தெற்கே இருந்த பெருங்கண்டத்தில் இருந்து பிரிந்து நகர்ந்துகொண்டிருந்தது. நிலம் தாழ்ந்த இடங்களில் கிழக்கில் இருந்து கடல் உள்ளே வந்தது. இன்றைய ஊட்டத்தூர், காரை, கல்லக்குடி, அரியலூர், செந்துறை எல்லாம் கடலுக்கு அடியில். கல்லக்குடிப் பக்கம் ஆழமில்லாத வெதுவெதுப்பான கடல். பவளமும் சுண்ணாம்புப் பாசியும் வளர்ந்து திட்டாக எழுந்தன. நீங்கள் சிமென்ட் என்று சொல்வது அந்தப் பவளத்திட்டின் பொடி.

இது எங்களுக்கு எப்படித் தெரிய வந்தது என்பதும் ஒரு கதை. 1840 வாக்கில் சென்னை அரசுப் பணியில் இருந்த கே, கன்லிஃப் என்ற இரு ஆங்கிலேயர்கள் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிப் பக்கங்களில் சிப்பிக் கற்களைப் பொறுக்கி லண்டனுக்கு அனுப்பினார்கள். 1846இல் எட்வர்ட் ஃபோர்ப்ஸ் அவற்றை விவரித்து எழுதினார். அப்புறம் இந்திய நிலவியல் ஆய்வுத்துறையின் ஹென்றி பிளான்ஃபோர்ட் இந்தப் பகுதியை நடந்தே அளந்து, பாறைகளை ஊட்டத்தூர், திருச்சினாப்பள்ளி, அரியலூர் என்று மூன்று தொகுதியாகப் பிரித்தார். அவர் அறிக்கை வெளிவந்தது 1862. அந்த மூன்று பெயர்களையும் நாங்கள் இன்றும் வகுப்பில் சொல்கிறோம். இங்கே கிடைத்த உயிரெச்சங்களை ஒவ்வொன்றாக வரைந்து பெயரிட்டவர் ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா. ஏறக்குறைய பத்து வருடம் இதில் உழைத்தார். 1874இல் லடாக்கில் மலைப்பாதையில் இறந்தார், வயது 36தான்.

இப்போது குழிக்கு வருகிறேன். பிளான்ஃபோர்ட் காலத்தில் குழி கிடையாது. ஓடைக்கரை, கிணறு, மேட்டில் துருத்தும் பாறை, இவ்வளவுதான் அவர் பார்த்தது. சிமென்ட்டுக்காக வெட்டிய பிறகுதான் கீழே என்ன இருக்கிறது என்று உலகத்துக்குத் தெரிந்தது. சுண்ணாம்புக்கல்லுக்கு அடியில் கருஞ்சாம்பல் நிறத்தில் ஒரு ஷேல் படிவு, அதாவது தகடு தகடாகப் பிரியும் களிமண் பாறை, இருக்கிறது. கடல் முதன்முதலில் உள்ளே வந்தபோது சேறாகப் படிந்தது. தரைமட்டத்தில் அதைத் தேடினால் கிடைக்காது, குழிச்சுவரில்தான் பார்க்க முடிந்தது. அதற்கு மேலே அடுக்கடுக்காகச் சுண்ணாம்புக்கல், அதற்கு மேல் காரை என்ற ஊரின் பெயரால் சொல்லும் காரைக் களிமண். அந்தக் களிமண்ணுக்குள் வீடளவு சுண்ணாம்புப் பாளங்கள் சாய்ந்தும் கவிழ்ந்தும் கிடக்கின்றன. பவளத்திட்டின் விளிம்பு உடைந்து ஆழத்துக்குச் சரிந்து விழுந்தவை என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். 11 கோடி ஆண்டுக்கு முந்தைய ஒரு சரிவை அப்படியே நிறுத்தி வைத்த மாதிரி இருக்கும்.

மாணவர்களிடம் நான் எப்போதும் செய்யச் சொல்வது ஒன்றுதான். ஒரு துண்டை எடுத்து உடைத்து, உடைந்த முகத்தில் தண்ணீர் தெளிக்க வேண்டும். காய்ந்திருக்கும்போது வெறும் வெளிறிய கல். நனைந்ததும் தேன்கூடு போலப் பவளத்தின் அறைகள் வரிசை வரிசையாக மேலே வரும். இரண்டு நிமிடத்தில் காய்ந்து மறுபடி மறைந்துவிடும். பிள்ளைகள் பாட்டிலில் குடிக்க வைத்திருந்த தண்ணீரை எல்லாம் ஊற்றித் தீர்த்துவிடுவார்கள்.

ஆகவே தம்பி, உங்களுக்கு ஏன் நெருடியது என்று எனக்குப் புரிகிறது.

#4 சுதைவேலை

ஐயா எழுதியதைப் படித்துவிட்டு நம்ம பங்குக்கு. நான் பழைய வீடு, கோயில் மண்டபம், மெட்ராஸ் டெரஸ் கூரை இதெல்லாம் சுண்ணாம்பில் பழுது பார்ப்பவன். மூன்று தலைமுறைத் தொழில்.

சிமென்ட் ஆலை வரும் முன்பே அந்த வட்டாரத்தில் சுண்ணாம்புக் காளவாய்கள் இருந்தன. தாத்தா வாய்வழியாகக் கேட்டது: வண்டியில் கல்லைக் கொண்டுவந்து காளவாயில் ஒரு அடுக்கு கல், ஒரு அடுக்கு விறகு என்று அடுக்கிச் சுடுவார்கள். 900 டிகிரி அளவு சூடு போதும். 100 கிலோ நல்ல கல் போட்டால் 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு கிடைக்கும், மீதி 44 கிலோ காற்றாகப் போய்விடும். அந்தக் காற்றுதான் இப்போது உலகமே பேசும் கரியமில வாயு. சிமென்ட்டுக்கு இந்தக் கல்லோடு களிமண்ணும் சேர்த்து 1450 டிகிரி வரை கொண்டுபோக வேண்டும், அப்போதுதான் கிளிங்கர், அதாவது சிமென்ட்டாக அரைக்கும் கட்டி, ஆகும். சாம்பல் கோலிக்குண்டு மாதிரி உருளும்.

சுட்ட கல்லை நீற்றும்போது பார்க்க வேண்டும். தொட்டியில் கல்லைப் போட்டுத் தண்ணீர் விட்டால் முதலில் ஒன்றும் நடக்காது. அப்புறம் ‘சுர்ர்’ என்று ஒரு சத்தம், கல் விரிசல் விடும், தொட்டி முழுக்கக் கொதிக்கும், ஆவி முகத்தில் அடிக்கும். அடங்கிய பிறகு வெண்ணெய் மாதிரி இருக்கும். அதை மணலோடு கல் உருளை செக்கில் மாடு கட்டி அரைத்து, கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்த்துப் புளிக்க வைத்துப் பூசுவோம். பூசிய சுண்ணாம்பு காற்றில் இருந்து அந்தக் கரியமில வாயுவைத் திரும்ப இழுத்துக்கொண்டு மறுபடி கல்லாகிறது. எங்கள் தாத்தா ‘கல்லு வீட்டுக்குத் திரும்புது’ என்பார்.

கருடமங்கலம் பக்கம் எடுத்த சிப்பிக் கல்லைப் பளிங்கு போல மெருகேற்றி மேசைப் பலகையாக வைத்திருந்ததை ஒரு பழைய பங்களாவில் பார்த்திருக்கிறேன். கருப்பும் பழுப்பும் கலந்த கல்லில் வெள்ளை வெள்ளையாகச் சிப்பி வெட்டு. திருச்சினாப்பள்ளி மார்பிள் என்று அதற்கு அந்தக் காலத்தில் பெயர்.

#5 வாய்க்கால்கரை

எல்லாரும் நல்லா எழுதுறீங்க. ஆனா நான் புள்ளம்பாடிப் பக்கம் விவசாயம் பார்க்கிறவ, எனக்குக் குழின்னா முதல்ல தண்ணிதான் ஞாபகம் வருது.

எங்கள் ஊருக்கு வாய்க்காலில் தண்ணீர் வந்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. ஏப்ரல், மே மாதத்தில் ஆழ்துளைக் கிணறு காற்றுதான் ஊதும். அந்த நேரத்தில் பழைய குழியில் பனைமர உயரத்துக்குத் தண்ணீர் நிற்பதைப் பார்த்தால் வயிறு எரியாதா? பாறைச்சுவரைப் பார்க்க வருஷத்துக்கு ஒரு முறை பஸ்ஸில் மாணவர்கள் வருவார்கள். மாடு தினமும் தண்ணீர் குடிக்க வேண்டும். ஐயா கோபித்துக்கொள்ள வேண்டாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் சொந்தத்தில் ஒரு பையன், பன்னிரண்டு வயசு, வேறொரு இடத்தில் கைவிட்ட ஒரு கல்குழியில் குளிக்கப் போய் வரவில்லை. எந்த இடம், யாருடைய குழி என்று இங்கே எழுதப் போவதில்லை. அந்தக் குழியைச் சுற்றி வேலி இல்லை, ஒரு பலகைகூட இல்லை. ஏரி என்றால் கரை சரிவாக இறங்கும், கால் வைத்துப் பார்த்துப் போகலாம். குழியில் ஒரு படி இறங்கினால் முட்டி, அடுத்த படியில் ஆள் மட்டத்துக்கு மேல். நீச்சல் தெரிந்த பிள்ளைதான் அவன். அதனால் ‘அப்படியே விடுவோம்’ என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது.

#6 கல்லக்குடிக்காரன்

அக்கா, படித்ததும் மனசு கனத்துவிட்டது. நான் தலைப்பில் ‘அப்படியே விடுவதா’ என்று போட்டது யோசிக்காமல் போட்டதுதான். வேலி இல்லாமல், காவல் இல்லாமல் விடுவதை நானும் கேட்கவில்லை.

பாறைப்பித்தன் ஐயா, தண்ணீர் தேக்கினால் நீங்கள் சொன்ன சுவர் என்னாகும்? அதையும் சொல்லுங்கள்.

#7 மைன்ஸ் மேட்

வணக்கம். சுரங்கத்தில் மேட், அதாவது ஆட்களை மேற்பார்க்கும் வேலை பார்த்தவன், கல்லக்குடி இல்லை, அரியலூர்ப் பக்கம். சட்டப்படி என்ன இருக்கிறது என்பதைச் சொல்கிறேன், அது தெரியாமல் பேசினால் பேச்சு சுற்றிக்கொண்டே இருக்கும்.

சுண்ணாம்புக்கல் பெருங்கனிம வகை, ஒன்றிய அரசின் விதிகள். கனிமம் எடுக்கும்போதே படிப்படியான மூடல் திட்டம் கொடுக்க வேண்டும், ஐந்து வருடத்துக்கு ஒரு முறை. சுரங்கத்தை மூடப் போகிறோம் என்றால் அதற்கு இரண்டு வருடம் முன்பே இறுதி மூடல் திட்டம் போக வேண்டும். அதில் வேலி, சரிவு, மேல்மண்ணைத் திரும்பப் போடுவது, மரம் நடுவது, தண்ணீர் எல்லாம் வரும். ஆக, குழி என்னாகும் என்பது டீக்கடையில் முடிவாகிற விஷயம் இல்லை, காகிதத்தில் எழுதப்படுகிற விஷயம். ஊர் மக்கள் அந்தக் காகிதம் எழுதும் நேரத்தில் பேச வேண்டும். முடிந்த பிறகு பேசிப் பயன் கிடையாது. 2015இல் சட்டத்தைத் திருத்தி மாவட்டக் கனிம அறக்கட்டளை கொண்டுவந்தார்கள். சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட ஊர்களுக்குத்தான் அந்தப் பணம். வேலிக்கும் படிக்கட்டுக்கும் அங்கே கேட்கலாம்.

மூடுவது பற்றி: சுண்ணாம்புக்கல் குழியை முழுசாக மூடவே முடியாது. எடுத்த கல் சிமென்ட்டாகி ஊர் ஊராகப் போய்விட்டது. ஒரு டன் கிளிங்கருக்கு ஒன்றரை டன் கல் தேவை. மிச்சம் இருப்பது மேல்மண்ணும் கழிவும்தான். அதை வைத்து ஒரு மூலையை நிரப்பலாம், சுவரை ஒட்டிச் சரிவு போடலாம். முழுக் குழிக்கும் மண் வேண்டும் என்றால் இன்னொரு இடத்தில் குழி வெட்ட வேண்டும்.

தண்ணீர் பற்றி அக்காவுக்கு: குழித் தண்ணீரைச் சோதிக்காமல் வயலுக்கு விடாதீர்கள். சுண்ணாம்புப் பாறையில் நிற்கும் தண்ணீர் கடினநீர், பாத்திரத்தில் வெள்ளைப் படிவு கட்டும். மாட்டுக்குப் பெரும்பாலும் பிரச்சினை இல்லை.

#8 பாறைப்பித்தன்

மேட் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். காரைக் களிமண்ணில் ஜிப்சம் நரம்பு நரம்பாக ஓடுகிறது. வெயிலில் கண்ணாடி இழை போல மின்னும். அந்த ஜிப்சத்தையும் தோண்டி எடுத்துச் சிமென்ட்டில் சேர்த்திருக்கிறார்கள், சிமென்ட் சட்டென்று இறுகாமல் இருக்க அது வேண்டும். அது தண்ணீரில் கரைந்தால் சல்பேட் கூடும். அதனால் குழிக்குக் குழி தண்ணீர் மாறும்.

தம்பி கேட்ட கேள்வி: தண்ணீருக்கு அடியில் போன படிவை மாணவன் பார்க்க முடியாது. இந்தக் குழியில் அடியில் இருப்பதுதான் மிகப் பழையது, அதுதான் முதலில் மூழ்கும். நான் அக்காவோடு சண்டைக்கு வரவில்லை. குழி முழுவதும் எனக்கு வேண்டாம். நாலு சுவரில் ஒரு சுவர், அதிலும் முப்பது, நாற்பது மீட்டர் நீளம், மேலிருந்து கீழ் வரை செடி மண்டாமல், மண் சரித்து மூடாமல் இருந்தால் போதும். மீதியில் தண்ணீர் தேக்குங்கள்.

#9 மாஸ் நதிக்கரை

நெதர்லாந்தில் மாஸ்ட்ரிக்ட் அருகில் வசிக்கிறேன், சொந்த ஊர் ஜெயங்கொண்டம். இந்த இழையைப் படித்தபோது உடம்பு சிலிர்த்தது. காரணம் சொல்கிறேன்.

அரியலூர்ப் படிவுகளில் கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல் எந்தக் காலத்தது என்று கேட்டால் ‘மாஸ்ட்ரிக்டியன்’ என்பார்கள். டைனோசர்கள் வாழ்ந்த கடைசிக் காலகட்டம். அந்தப் பெயர் நான் இருக்கும் இந்த ஊரின் பெயர். 1849இல் பெல்ஜியத்தின் ஆந்த்ரே துமோன் இங்குள்ள சிண்ட் பீட்டர்ஸ்பெர்க் குன்றின் சுண்ணாம்புப் பாறையை வைத்துத்தான் அந்தப் பெயரை இட்டார்.

அதே குன்றில் 1926இல் என்சி என்ற சிமென்ட் ஆலை வந்தது. உங்கள் ஆலைக்குப் பதின்மூன்று வருடம் மூத்தது. குன்றின் பெரும்பகுதியைத் தின்றுவிட்டது. ஊர் மக்கள் பல வருடம் சண்டை போட்டார்கள். கடைசியில் 2018இல் கல் எடுப்பது நின்றது. இப்போது அந்தக் குழி பொதுமக்கள் நடக்கும் இடம். மேலே பார்வை மேடை இருக்கிறது, படிக்கட்டில் கீழே இறங்கலாம், அடியில் பசுநீலத்தில் ஏரி. சுவரில் பெரிய கொம்பன் ஆந்தை குஞ்சு பொரிக்கிறது. சுவர்களை மூடவில்லை, அடுக்குகள் வரிவரியாகத் தெரிகின்றன. ஞாயிற்றுக்கிழமை என் மகளைக் கூட்டிக்கொண்டு போவேன். ‘அப்பா, நம்ம ஊர்லயும் இதே கல்லா?’ என்று கேட்டாள். ‘இதே வயசு’ என்றேன்.

இன்னொரு செய்தி. சிமென்ட்டுக்கு முன்பே அந்தக் குன்றைக் குடைந்து வீட்டுக்குக் கல் எடுத்தார்கள். நீண்ட நீண்ட குகைகள். இரண்டாம் உலகப்போரில் ரெம்ப்ராண்டின் ‘இரவுக் காவல்’ ஓவியத்தைச் சுருட்டி அங்கேதான் ஒளித்து வைத்தார்கள். இன்று அது ஆம்ஸ்டர்டாமில் தொங்குகிறது. ஒரு சுண்ணாம்புக் குழி எத்தனை வேலைக்கு ஆகிறது பாருங்கள்! 18ஆம் நூற்றாண்டில் அந்தக் குகையில் ராட்சதக் கடற்பல்லியின் மண்டை ஓடு கிடைத்தது. பிரெஞ்சுப் படை ஊரைப் பிடித்ததும் அதைப் பாரிசுக்குக் கொண்டுபோய்விட்டது. இன்றும் ஊர்க்காரர்களுக்கு அந்த வருத்தம் உண்டு.

#10 ரயிலடி

மாஸ் நதிக்கரை தம்பி, அருமை. ஆனால் அங்கே நகரத்தை ஒட்டிய குன்று, இங்கே கிராமம். அந்தப் பணமும் பராமரிப்பும் இங்கே வருமா என்று யோசிக்க வேண்டும். கனடாவில் விக்டோரியா அருகில் புட்சார்ட் என்ற சிமென்ட் முதலாளியின் மனைவி, கல் தீர்ந்த குழியைத் தோட்டமாக்கி 1921இல் முடித்தார். உலகப் புகழ். ஆனால் அங்கே பாறையின் முகம் தெரியாது, பூ மட்டும்தான். எனக்கு அது வேண்டாம்.

#11 வாய்க்கால்கரை

ஐயா ஒரு சுவர் போதும் என்றது எனக்குச் சரியாகப் படுகிறது. ஒரு பக்கம் மண்ணைப் போட்டுச் சரிவாக்கினால் மாடும் இறங்கும், பிள்ளை தவறி விழுந்தாலும் கால் ஊன்றும். எதிர்ப்பக்கச் சுவரை உங்களுக்கு விட்டுவிடுகிறோம். ஆனால் அந்தச் சுவர்ப் பக்கம் கட்டாயம் வேலி.

இன்னொரு சந்தேகம். 2020 அக்டோபரில் குன்னத்தில் ஏரி தூர்வாரும்போது டைனோசர் முட்டை கிடைத்தது என்று எல்லார் போனிலும் வந்ததே, நானும் பத்துப் பேருக்கு அனுப்பினேன். அப்புறம் இல்லை என்றார்கள். உண்மையில் என்னது?

#12 பாறைப்பித்தன்

முட்டை இல்லையம்மா. கடல் சேற்றில் ஏதோ ஒரு சிப்பியையோ அம்மோனைட்டையோ நடுவில் வைத்துச் சுண்ணாம்பு சுற்றிச் சுற்றி இறுகினால் உருண்டையாகிவிடும். உடைத்தால் உள்ளே வெங்காயம் போல அடுக்கு. நம் பகுதியில் ஏராளம். அம்மோனைட் என்பது ஆட்டுக்கொம்பு மாதிரிச் சுருண்ட ஓட்டுக்குள் வாழ்ந்த கடல் உயிரி, கணவாய்க்குத் தூரத்துச் சொந்தம். வைணவர் வீட்டுப் பூஜையில் இருக்கும் சாளக்கிராமத்திலும் அதுதான் இருக்கிறது, அது இமயத்தில் இருந்து வருவது.

ஆனால் டைனோசர் இங்கே இல்லை என்று நினைக்க வேண்டாம். அரியலூர் மாவட்டம் கல்லமேட்டில் பெரிய எலும்புகள் கிடைத்தன. யாதகிரியும் அய்யாசாமியும் விவரித்து 1980களின் இறுதியில் வெளியிட்டார்கள், பெயர் புருகத்காயோசாரஸ். கால் எலும்பு ஒன்றே 2 மீட்டர். உலகத்திலேயே மிகப் பெரிய விலங்குகளில் ஒன்றாக இருக்கலாம் என்று இன்றும் பேசுகிறார்கள். பேசத்தான் முடியும், அந்த எலும்புகள் இப்போது இல்லை. ஈரமும் வெயிலும் பட்டுப் பொடிந்துபோயின. கையில் மிஞ்சியது சில கோட்டுப்படங்களும் தெளிவில்லாத புகைப்படங்களும். பாரிசுக்குப் போன மண்டை ஓட்டையாவது டிக்கெட் வாங்கிப் பார்க்கலாம். நம்முடையது மண்ணாகிவிட்டது. ஒரு சுவரைக் கேட்டு நான் இப்படிக் கெஞ்சுவது அதனால்தான்.

சாத்தனூரில் 1940இல் எம்.எஸ். கிருஷ்ணன் கண்டறிந்த 18 மீட்டர் கல்மரம் தப்பியது, வேலி போட்டுக் காவல் வைத்ததால். வாரணவாசியில் அருங்காட்சியகம் வந்திருக்கிறது, பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள். இந்த மாதிரி இடங்களுக்கென்று ஒரு புவிப் பாரம்பரியச் சட்ட வரைவை 2022 இறுதியில் சுரங்க அமைச்சகம் வெளியிட்டது. சட்டம் வரும் வரை காத்திருந்தால் கருவேலம் காத்திருக்காது.

#13 மைன்ஸ் மேட்

சுவர் விஷயத்தில் ஒரு வேலைக்காரனின் கவலை. வெடி வைத்து எடுத்த சுவர் உள்ளுக்குள் விரிந்திருக்கும். மழைக்குப் பிறகு பாளம் பாளமாக உதிரும். மாணவர்களை அதன் அடியில் நிறுத்தக் கூடாது. கம்பியால் நெம்பித் தளர்ந்த கல்லை எல்லாம் முதலில் தள்ளிவிட வேண்டும், எதிர்க்கரையில் மேடை கட்டி அங்கிருந்து பார்க்க வைக்க வேண்டும். கையில் தொட்டுப் பார்க்க ஒவ்வொரு அடுக்கில் இருந்தும் ஒரு பாளத்தை வெட்டி மேடையில் வரிசையாக வைத்துவிடலாம். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் வைத்தால் ஐயாவின் பிள்ளைகளுக்கும் ஆயிற்று.

#14 பாறைப்பித்தன்

மேட், நாற்பது வருடம் பாடம் எடுத்தும் எனக்கு இது தோன்றவில்லை. எதிர்க்கரையில் இருந்து பார்த்தால்தான் அடுக்குகளின் சாய்வு முழுசாகத் தெரியும். இதை அப்படியே மனுவில் எழுதுவோம்.

#15 கல்லக்குடிக்காரன்

நேற்று ஞாயிற்றுக்கிழமை. இந்த இழையை அப்பாவுக்கு முழுசாக வாசித்துக் காட்டினேன். பவளம் வரை தலையாட்டிக்கொண்டு கேட்டவர், கருஞ்சாம்பல் ஷேல் என்ற இடத்தில் நிறுத்தச் சொன்னார்.

‘அது கருப்பு மண்ணுடா. கல்லு முடிஞ்சு அது வந்தா மேஸ்திரி போதும்பாரு. சூளைக்கு ஆகாது. எடுத்ததைக் கழிவோட கொட்டுவோம். மழை பெஞ்சா தகடு தகடா பிரியும். உள்ள சின்னச் சின்னச் சிப்பி, நகம் மாதிரி, பளபளன்னு இருக்கும். நான் ஒரு தடவை உனக்குன்னு மடிச்சுக் கொண்டாந்தேன், வீட்டுக்கு வர்றதுக்குள்ள பொடியாயிருச்சு.’

எனக்கு அது நினைவில் இல்லை. அப்பாவுக்கு எந்த இடத்தில் அது வெளிப்பட்டது, எந்தப் பக்கம் கொட்டினார்கள் என்பதெல்லாம் இருக்கிறது. தினசரி காலண்டர் தாளைக் கிழித்துப் பின்பக்கம் படம் போட்டார். ரயில் பாதை, பழைய கிரஷர், தண்ணீர் நிற்கும் இடம், தென்கிழக்கு மூலையில் ஒரு கோடு. ‘இந்த மூலையில தண்ணி மட்டத்துக்கு மேல ரெண்டு ஆள் உயரத்துக்கு இன்னும் தெரியணும், யாரும் மண்ணு தள்ளலேன்னா’ என்றார்.

ஐயா, அந்தத் தாளைப் படம் எடுத்து உங்களுக்குத் தனிச்செய்தியில் அனுப்பியிருக்கிறேன். உள்ளே போக அனுமதிக் கடிதத்துக்கு மேட் அண்ணன் வாசகம் எழுதித் தருவதாகச் சொன்னார். வாய்க்கால்கரை அக்கா, தண்ணீர் மாதிரி எடுக்க நீங்களும் வந்தால் நன்றாக இருக்கும். அப்பாவும் வருகிறார். மூணாவது படி வரை இறங்க விடுவார்களா என்று அதற்குள் இரண்டு முறை கேட்டுவிட்டார்.

#16 பாறைப்பித்தன்

படம் வந்தது. தென்கிழக்கு மூலை சரிதான், என் பழைய களக்குறிப்பிலும் அங்கேதான் ஷேல் என்று போட்டிருக்கிறேன். ஆனால் கொட்டிய இடம் எனக்குத் தெரியாது, அதை உங்கள் அப்பாதான் காட்ட வேண்டும். சிப்பி பொடியாகாமல் எடுக்கப் பசையும் பஞ்சும் நான் கொண்டுவருகிறேன். அவர் மடித்துக் கொண்டுவந்தது மாதிரி ஒன்றையாவது இந்த முறை முழுசாக வீட்டுக்குக் கொண்டுபோகலாம்.